வீட்டோடு பிள்ளைகள்!

'வீட்டோடு மாப்பிள்ளை' என்றால் நம் ஊரில் ஒரு கேலி உண்டு. அதைவிடக் கொஞ்சம் கம்மியான கேலி 'வீட்டோடு பிள்ளை'க்கு. வயது இருபத்தெட்டு, முப்பது ஆகியிருக்கும். வேலை இருக்கும். ஒண்ணாம் தேதியானால் சம்பளம் வரும். ஜாகை மட்டும் அப்பா வீட்டில். காலையில் அம்மா கையால் காபி, ராத்திரி அம்மா கையால் தோசை. "எப்பதாம்ப்பா தனியா நிக்கப் போறே?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டுவிட்டுப் போவார். (அவர் பிள்ளையும் அதே கேஸ்தான். அவனிடம் கேட்க தைரியமில்லாமல் நம்மிடம் வந்து கேட்கிறார்!)

கூடவே ஒரு உபதேசமும் வரும். "பறவையைப் பாரு... இறக்கை முளைச்சதும் கூட்டை விட்டுப் பறந்துடுது!"

இந்த உபதேசத்தை இனிமேல் யாராவது சொன்னால் விடாதீர்கள் சார். உலகத்தில் சுமார் 10,000 வகைப் பறவைகள் இருக்கின்றன. அதில் ஏறக்குறைய 9 சதவீதம், கூட்டுக் குடும்ப வகை. அப்பா, அம்மா மட்டும் குஞ்சு வளர்ப்பதில்லை. கூடவே இன்னும் ஓரிருவர் நின்று இரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள், முட்டையைக் காவல் காக்கிறார்கள். அந்த ஓரிருவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அதே வீட்டின் முந்தைய வருஷத்துப் பிள்ளைகள். இறக்கை முளைத்தவை, பறக்கத் தெரிந்தவை, இரை தேடத் தெரிந்தவை. ஆனாலும் போகவில்லை!

ரொம்ப தூரம் போக வேண்டாம். உங்கள் தெருமுனைப் புங்கமரத்தடியில் ஆறேழு பேராகத் தத்தித் தத்தி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே குப்பையைக் கிளறும் தவிட்டுக்குருவிகள் இருக்கின்றனவே, அவை இந்த ஜாதிதான். ஒரு ஜோடி கூடு கட்டும். கூட்டத்தில் உள்ள மற்றவையும் குஞ்சுக்குப் பூச்சி ஊட்டும். பாலூட்டிகளிலும் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் செந்நாய்க் கூட்டத்தில் குட்டி போடுவது பொதுவாக ஒரு தாய்தான். வேட்டைக்குப் போன மற்ற நாய்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு வளைக்குத் திரும்பி, குட்டிகளுக்கும் தாய்க்கும் இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். 1970-களில் பந்திப்பூர் காட்டில் செந்நாய்களின் பின்னாலேயே அலைந்து இதையெல்லாம் ஆராய்ந்தவர் நம் நெல்லைச் சீமைக்காரர், ஏ.ஜே.டி. ஜான்சிங்.

பி.காம். படித்த எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. இது அடிப்படையில் ஒரு கணக்குப் பிரச்னை. இயற்கையின் பேரேட்டில் ஒரே ஒரு வரவுதான்: உன் பிள்ளை குட்டிகள் எத்தனை? அப்படியிருக்க, சொந்தமாகக் குடும்பம் நடத்தும் வயதில் ஒரு குருவி, அம்மாவின் குஞ்சுகளுக்குப் புழு பொறுக்கிக்கொண்டு காலம் தள்ளினால் கணக்கு எப்படி டாலி ஆகும்?

டார்வின் காலத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்த கேள்வி இது. இதற்கு அழகான விடை கிடைத்த இடங்களில் ஒன்று, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஒரு தம்மாத்தூண்டு தீவு.

*

செஷல்ஸ் நாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, கடலில் இறைத்துவிட்ட மாதிரி நூற்றுச் சொச்சம் தீவுகள். தலைநகர் விக்டோரியாவில் நம்மவர்கள் கட்டிய நவசக்தி விநாயகர் கோயில்கூட இருக்கிறது. அந்தத் தீவுகளில் ஒன்றின் பெயர் கூஸான். பக்கத்துத் தீவின் பெயர் கூஸீன். பிரெஞ்சு மொழியில் இரண்டுக்கும் ஒன்றுவிட்ட சொந்தம் என்றுதான் அர்த்தம். முதலாவது ஆண், இரண்டாவது பெண். பெயரிலேயே குடும்ப வாசனை!

கூஸான் சுமார் 70 ஏக்கர்தான். ஒரு காலத்தில் தீவு முழுக்கத் தென்னந்தோப்பாக்கிவிட்டார்கள். தேங்காய் லாபம், பழைய காடு காலி. அந்தக் காட்டில் இலைகளின் அடிப்பக்கத்தில் பூச்சி பொறுக்கி வாழ்ந்த செஷல்ஸ் கதிர்க்குருவிக்கு வேறு போக்கிடம் இல்லை. பதினைந்து கிராம் எடை, மங்கலான பழுப்பு நிறம், பார்த்தால் 'அட' என்று சொல்ல ஒன்றுமில்லாத குருவி. 1960-களில் உலகத்திலேயே இந்த ஒரு தீவில், 30-க்கும் குறைவான எண்ணிக்கையில் மிஞ்சியிருந்தது. ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கொடுத்துவிடலாம், மொத்த இனத்துக்கும்!

1968-ல் சர்வதேசப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தீவையே விலைக்கு வாங்கியது. தென்னையை அகற்றி, பழைய மரங்களை வளரவிட்டார்கள். குருவி பிழைத்துக்கொண்டது. 1980-களின் தொடக்கத்தில் 300-ஐத் தாண்டியது. அதற்குமேல் ஏறவில்லை. காரணம் சாதாரணம். தீவு ஹவுஸ்ஃபுல்!

இந்தக் குருவிகள் ஒவ்வொரு ஜோடியும் தனக்கென்று ஒரு பேட்டையை வைத்துக்கொண்டு, வேறு யாரையும் உள்ளே விடாது. தீவில் அப்படி நூற்றுச் சொச்சம் பேட்டைகள். எல்லாவற்றிலும் குடித்தனம் இருக்கிறது. கடல் தாண்டி அடுத்த தீவுக்குப் போகலாமே என்றால், அந்தப் பழக்கமும் இதற்குக் கிடையாது. அப்போது பிறந்த குஞ்சு வளர்ந்ததும் எங்கே போகும்? அம்மா வீட்டிலேயே தங்கும். தங்கியவை சும்மாவும் இருக்கவில்லை. தம்பி தங்கைகளுக்குப் பூச்சி ஊட்டின; பெண்ணாக இருந்தால் அம்மாவுடன் முறை வைத்து அடைகாத்தன. இப்படி ஒத்தாசைக்கு நின்றவை பெரும்பாலும் மகள்கள்.

1985 வாக்கில் யான் கோம்டர் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் இந்தத் தீவுக்கு வந்தார். குருவிகளின் காலில் கலர் கலராக வளையம் மாட்டி, எது யார் பிள்ளை, எது யார் வீட்டில் இருக்கிறது என்று ரேஷன் கார்டு மாதிரி பதிவு எழுத ஆரம்பித்தார். அவருக்கு ஒரு சந்தேகம். இந்தப் பிள்ளைகள் வீட்டில் இருப்பது பாசத்தாலா, இடமில்லாததாலா?

வாயால் கேட்டால் குருவி சொல்லாது. (மனுஷனே உண்மையைச் சொல்வதில்லை.) ஆகவே சோதனை செய்தார்.

எப்படியும் ஒரே தீவில் மொத்த இனத்தையும் வைத்திருப்பது ஆபத்து. ஒரு புயலோ ஒரு எலிப்படையோ வந்தால் கதை முடிந்தது. எனவே சில குருவிகளை வேறு தீவுக்குக் குடியேற்றத் திட்டமிட்டிருந்தார்கள். 1988-ல் 29 குருவிகள் அரீட் என்ற தீவுக்குப் போயின. 1990-ல் இன்னொரு 29, கூஸீன் தீவுக்கு. இரண்டு தீவுகளிலும் அதற்கு முன் இந்தக் குருவி ஒன்றுகூடக் கிடையாது. ஆக, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இனத்துக்கும் பாதுகாப்பு, கேள்விக்கும் பதில்.

பழைய தீவில் என்ன நடந்தது? குடித்தனக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போனதும் அந்தப் பேட்டைகள் காலியாயின. 'டு லெட்' போர்டு மாட்ட அவகாசமே இல்லை. பல இடங்களில் சில மணி நேரத்திலேயே, பக்கத்துப் பேட்டையில் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்த பிள்ளை வந்து குடியேறிவிட்டது!

புதுத் தீவில் என்ன நடந்தது? இடம் தாராளம், பூச்சி தாராளம். அங்கே பிறந்த பிள்ளைகள் ஒன்றுகூட ஆரம்பத்தில் வீட்டில் தங்கவில்லை. வளர்ந்ததும் தனிக்குடித்தனம் போய்விட்டன. அதே குருவி, அதே ரத்தம். இடம் இருந்தால் கிளம்புகிறது, இல்லாவிட்டால் தங்குகிறது.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் 'வாடகை வீடு கிடைக்காததுதான் காரணம்' என்று எழுதிவிட்டு நானும் போயிருப்பேன். ஆனால் கோம்டர் இன்னொன்றையும் கவனித்தார். புதுத் தீவில் சில வருஷங்களில் நல்ல பேட்டைகள், அதாவது பூச்சி நிறையக் கிடைக்கும் பேட்டைகள், எல்லாம் நிரம்பிவிட்டன. சுமாரான பேட்டைகளும் மட்டமான பேட்டைகளும் இன்னும் காலியாகத்தான் கிடந்தன. அப்போதே, நல்ல பேட்டையில் பிறந்த பிள்ளைகள் வீட்டில் தங்க ஆரம்பித்துவிட்டன! பழைய தீவிலும் அதே கதை. வசதியான வீட்டுப் பிள்ளை, தன் வீட்டுக்குச் சமமான அல்லது அதைவிட நல்ல இடம் காலியானால்தான் நகர்ந்தது. மட்டமான இடம் காலியானால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

புரிகிறதல்லவா? காற்றோட்டமான சொந்த வீட்டில் வளர்ந்த பையன், தண்ணி வராத ஒண்டுக்குடித்தனத்துக்குப் போக மாட்டேன் என்கிறான். நாம் அதைச் 'சொகுசு' என்கிறோம். குருவிக்கு அது ஆயுள் முழுவதுக்குமான கணக்கு. மட்டமான பேட்டையில் அவசரப்பட்டு உட்கார்ந்தால் வருஷா வருஷம் குஞ்சு பட்டினி. ஓரிரு வருஷம் பொறுத்து நல்ல இடம் பிடித்தால் மொத்த வரவு அதிகம்.

*

சரி, தங்குவது புரிகிறது. ஆனால் தங்குகிறவன் எதற்கு வேலை செய்ய வேண்டும்? அம்மா கொண்டுவருவதைத் தின்றுவிட்டுக் கிளையில் சாய்ந்து கிடக்கலாமே? (நமக்குத் தெரிந்த வீடுகளில் அந்த ஏற்பாடும் அமலில் உண்டு.)

ஏனென்றால் அந்த வேலை நிஜமான செலவு பிடிக்கும். தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் மீர்கேட் என்று கீரிக் குடும்பத்துப் பிராணி ஒன்று இருக்கிறது. குட்டிகள் வளைக்குள் இருக்கும் நாட்களில், ஒன்று முழு நாளும் காவலுக்கு உட்காரும்; மற்றவை மேயப் போகும். 1993-லிருந்து டிம் கிளட்டன்-பிராக் என்பவரின் குழு இவற்றைத் தராசில் ஏறப் பழக்கி எடை பார்த்து வந்திருக்கிறது. மேயப் போனவை எடை கூடித் திரும்பும். காவலுக்கு இருந்தது பட்டினியில் எடை குறைந்திருக்கும். ஆக, அது வெறும் பாவனை இல்லை.

வரவு எங்கே? மூன்று கணக்குத் தலைப்புகளில் எழுதலாம்.

முதல் தலைப்பு, பங்கு. 1964-ல் டபிள்யூ.டி. ஹாமில்டன் என்ற இளம் ஆங்கிலேயர் போட்டுக் காட்டிய கணக்கு இது. நம் பரம்பரைச் சொத்தான ஜீன்களில் நம் பிள்ளைக்குப் போவது பாதி. கூடப்பிறந்தவனோடு நமக்குப் பொதுவாக இருப்பதும் சராசரியாகப் பாதி. அப்படியானால் ஒரு தம்பியை வளர்த்து ஆளாக்குவதும் ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்குவதும் பேரேட்டில் ஒரே வரவு! ஒரு எச்சரிக்கை மட்டும். நீ இல்லாவிட்டாலும் அம்மா இரண்டு குஞ்சு வளர்ப்பாள், நீ இருந்ததால் மூன்று என்றால், உன் கணக்கில் ஏறுவது மூன்று அல்ல, ஒன்றே ஒன்று. கூடுதலாக வந்ததுதான் லாபம். (கம்பெனி லாபம் முழுவதும் தன்னால்தான் வந்தது என்று நினைக்கும் மேனேஜர்கள் கவனிக்க.)

இதே யோசனையை ஹாமில்டனுக்கு முன்பே தமாஷாகத் தொட்டவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். "தம்பிக்காக உயிரை விடுவாயா?" என்று கேட்டதற்கு, ஒரு தம்பி போதாது, இரண்டு தம்பிகள் அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் வேண்டும் என்று அவர் கணக்குச் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1957-ல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகவே ஆகி, ஹாமில்டனின் கணக்கு வெளியான அதே 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

இரண்டாவது தலைப்பு, பயிற்சி. குடியேற்றப்பட்ட தீவுகளில் கோம்டர் இதையும் பார்த்தார். அம்மா வீட்டில் ஒத்தாசை செய்த அனுபவம் உள்ள குருவிகள், முதல் தடவையே உருப்படியாகக் கூடு கட்டி, சீக்கிரமாகக் குஞ்சு எடுத்தன. அனுபவமே இல்லாதவை தடுமாறின. ஸ்டைபண்ட் இல்லாத அப்ரண்டிஸ்!

மூன்றாவது தலைப்பு, பாகம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் புதர்க்காட்டு ஜே என்று நீலநிறப் பறவை ஒன்று உண்டு. க்ளென் உல்ஃபெண்டன் 1969-ல் அதைக் கவனிக்கத் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் கூட நின்று உழைத்தால் குடும்பம் பெருக்கிறது. குடும்பம் பெருத்தால் பேட்டையின் எல்லை பக்கத்துக்காரன் இடத்துக்குள் நகர்கிறது. கடைசியில் மூத்த மகன் அதில் ஒரு மூலையைப் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகிறான். வக்கீல் ஃபீஸ் இல்லாத பாகப்பிரிவினை!

*

நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் ஒரு சீனியர் இருந்தார். மூன்று தங்கைகள். அப்பாவுக்கு பென்ஷன் இல்லை. மூன்று பேருக்கும் கல்யாணம் செய்துவைத்து, கடைசித் தங்கையின் வளைகாப்புக் கடனையும் அடைத்துவிட்டு, முப்பத்தொன்பது வயதில் தாலி கட்டினார். ஒருநாள் டீக்கடையில், "எவ்வளவு பெரிய தியாகம் சார்!" என்று நான் உருகியபோது அவர் சிரித்தார்.

"தியாகமெல்லாம் இல்லப்பா. அப்ப என் சம்பளத்துக்குத் தனியா போயிருந்தா வாடகைக்கே சரியாப் போயிருக்கும். வீட்ல இருந்தேன். இருக்கறப்போ சும்மாவா இருக்க முடியும்?"

இதில் எவ்வளவு பாசம், எவ்வளவு கணக்கு என்று அன்றைக்கு எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் ஒரே காலத்தில் எழுதப்பட்டிருந்தன.

குருவியும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. பசித்த வாய் திறந்தால் அதற்கு ஊட்டத் தோன்றுகிறது, ஊட்டுகிறது. அப்படித் தோன்றிய குருவிகளின் வம்சம் நிலைத்தது. கணக்குப் போட்டது லட்சக்கணக்கான வருஷங்கள். பற்று எழுதுவது மட்டும் குருவி.

*

எல்லாப் பிள்ளையும் எல்லா வீட்டுக்கும் லாபமா என்றால், இல்லை. ஆடிட்டர் புத்தியோடு அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம்.

கூஸான் தீவில் வசதியான பேட்டையில் ஒரு உதவியாள் இருந்தால் அம்மாவுக்கு லாபம். மட்டமான பேட்டையில் அதே பிள்ளை தங்கினால் நஷ்டம். இருக்கிற கொஞ்சம் பூச்சியையும் தின்று தீர்க்க ஒரு வாய் கூடுதல். வசதியான பேட்டையிலும் இரண்டு பேருக்கு மேல் ஆனால் கூட்டம், குழப்பம், முட்டை உடைதல்.

இதை அம்மாக்குருவி எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? 1997-ல் கோம்டரும் கூட்டாளிகளும் வெளியிட்டபோது விஞ்ஞான உலகமே நம்ப முடியாமல் பார்த்த விஷயம் இது. பறவைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயின் முட்டையிலேயே தீர்மானமாகிவிடும். உதவியாள் இல்லாத வசதியான பேட்டையில் பிறந்த குஞ்சுகளில் 87 சதவீதம் பெண். தங்கி உதவப் போகிறவள் மகள்தானே! மட்டமான பேட்டையில் 77 சதவீதம் ஆண். வளர்ந்ததும் வெளியே கிளம்பிவிடுவான், பாரம் இல்லை. வசதியான வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் ஒத்தாசைக்கு இருந்தால்? திரும்பவும் ஆண் பக்கம் சாய்கிறது. அந்த உதவியாட்களைப் பிடித்து அப்புறப்படுத்தினால்? மறுபடி பெண்! பெண் குழந்தை என்றதும் முகம் சுளிக்கும் மாமியார்கள் யாராவது இந்தத் தீவுக்கு ஒரு ட்ரிப் போய் வந்தால் தேவலை.

மகளின் பாசத்துக்கும் நிபந்தனை உண்டு. ஜீன் சோதனை செய்து பார்த்ததில், தீவின் குஞ்சுகளில் சுமார் 40 சதவீதத்துக்கு அப்பா அந்தப் பேட்டைக்காரர் இல்லையாம். (குடும்பப் பத்திரிகை, இதற்குமேல் வேண்டாம்.) ஆக அங்கே அப்பாவை நம்பிக் கணக்கு எழுத முடியாது. நிச்சயமான சொந்தம் அம்மா மட்டும்தான். மகளும் அதைத்தான் பார்க்கிறாள். தன்னை ஊட்டி வளர்த்த அம்மா வீட்டில் இருக்கும்வரை தங்கைக்குப் பூச்சி கொண்டுவருகிறாள். அம்மா போய் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டால் ஒத்தாசை குறைந்துவிடுகிறது.

சொந்தமே இல்லாதவன் உதவிக்கு வந்தால்? அதுவும் நடக்கிறது. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று தலைகீழாக விழுந்து மீன் பிடிக்கும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியை நம் ஏரிகளில் பார்த்திருப்பீர்கள். ஆப்பிரிக்காவிலும் அதே பறவை உண்டு. அங்கே ஹைன்ஸ்-உல்ரிக் ரேயர் என்பவர் ஆராய்ந்தார். விக்டோரியா ஏரியில் அலை அதிகம், மீன் பிடிப்பது சிரமம். அங்கே மகனும் உதவுகிறான். எங்கிருந்தோ வந்த கட்டைப் பிரம்மச்சாரியும் அலகில் மீனோடு வந்து நிற்கிறான். மகன் பெற்றோருக்குச் சமமாக உழைக்கிறான். வேற்றாளோ அளந்துதான் கொண்டுவருகிறான். அவன் நோக்கம் வேறு. வீட்டுக்காரர் மண்டையைப் போட்டால் அடுத்த வருஷம் அந்த அம்மாவுக்கு ஜோடியாகலாம்! மீன் சுலபமாகக் கிடைக்கும் நைவாஷா ஏரியில் இந்த மாதிரி ஆசாமிகளை அப்பா துரத்தியே விடுகிறார். ரேயர் அங்கே ஒரு கூட்டில் அதிகப்படியாகக் குஞ்சுகளை வைத்துப் பார்த்தார். வேலை பளு ஏறியதும் அப்பா வாயை மூடிக்கொண்டு அவனை அனுமதித்துவிட்டார். தேவை வந்தால் கௌரவம் எல்லாம் இரண்டாம் பட்சம்.

அப்பாக்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வில்லனையும் சொல்லியாக வேண்டும். மின்கம்பியில் உட்கார்ந்து தேனீ பிடிக்கும் பஞ்சுருட்டான் நம் எல்லோருக்கும் தெரியும். அதன் ஆப்பிரிக்கச் சொந்தம் ஒன்று கென்யாவில், நகுரு பக்கம், மண்சரிவுகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறது. ஸ்டீபன் எம்லன், பீட்டர் ரெகி என்ற இருவர் 1992-ல் எழுதியது இது: மகன் கல்யாணம் செய்துகொண்டு தனி வளை தோண்டினால், அப்பா அங்கே போய் ரகளை செய்கிறார்! மகன் மனைவிக்கு இரை கொடுக்கப் போகும்போது நடுவில் புகுந்து கெடுக்கிறார். வளை வாசலை அடைத்துக்கொண்டு உட்காருகிறார். கடைசியில் பல மகன்கள் சொந்தக் குடித்தனத்தைக் கைவிட்டு, அப்பா வளைக்கு வந்து தம்பிகளுக்கு ஊட்டுகிறார்கள்.

மகன் ஏன் எதிர்த்துச் சண்டை போடவில்லை? ஹாமில்டன் பேரேட்டைத் திறங்கள். அப்பாவுக்குத் தன் பிள்ளை என்றால் பாதி, பேரன் என்றால் கால். எனவே மகனை இழுத்துவந்து தன் குஞ்சுகளை வளர்க்க வைத்தால் அவருக்குக் கொள்ளை லாபம். மகனுக்கோ தன் பிள்ளையும் பாதி, தம்பியும் பாதி. அனுபவமில்லாத முதல் வருஷக் குடித்தனத்தில் பெரிதாக ஒன்றும் தேறாது. வந்துவிட்டால் நஷ்டம் சொற்பம். நஷ்டம் சொற்பமான இடத்தில் யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. மகனைத் தனியே விடாமல் வேலை வாங்கும் அப்பாக்கள் நம்மிடையே மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது ஆறுதல்.

*

இவ்வளவு கணக்கும் குஞ்சுகளைப் பற்றியதுதான். உதவி வாங்கிக்கொண்ட தாய்க்கு என்ன ஆயிற்று என்று வெகுகாலம் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. 2019-ல் அதே கதிர்க்குருவிக் குழுவினர், வருஷக்கணக்கில் சேர்த்த பதிவுகளைப் புரட்டி அதையும் பார்த்தார்கள். ஒத்தாசைக்கு ஆள் இருந்த தாய்க்குருவிகள் மெதுவாக வயதாகின்றன! ஜீன் இழைகளின் நுனியில், செருப்புக் கயிற்றின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பூண் மாதிரி ஒரு பகுதி உண்டு. டெலோமியர் என்று பெயர். உடம்பு தேயத் தேய அதுவும் தேயும். மகள் கூட நின்ற தாய்களுக்கு அந்தத் தேய்மானம் குறைவாக இருந்தது. முதுமையில் சாவும் தள்ளிப் போனது. அடைகாக்க முறை மாற்ற ஒரு ஆள், இரை தேட ஒரு ஆள் இருந்ததில் மிச்சமானது அம்மாவின் ஆயுள்.

என்றைக்காவது ஒருநாள் இளையவள் ஒருத்தி வந்து தாய்க்குருவியின் பதவியைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அப்படிப் பதவி போன கிழவிகளில் சிலர் பேட்டையை விட்டுப் போவதில்லை. அங்கேயே தங்கி, புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்கு, பல சமயம் சொந்தப் பேரக் குழந்தைகளுக்கு, பூச்சி கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். மனிதர்களிடம் மட்டும்தான் பாட்டி உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கூஸான் தீவிலிருந்து அப்புறம் 2004-ல் டெனிஸ் தீவுக்கும், 2011-ல் ஃப்ரிகேட் தீவுக்கும் குருவிகள் குடியேற்றப்பட்டன. ஒரு டவுன் பஸ் அளவுக்கு மிஞ்சியிருந்த இனம் இப்போது ஐந்து தீவுகளில், இரண்டாயிரத்துக்கு மேல். புதுத் தீவு ஒவ்வொன்றிலும் இடம் நிரம்பினால் நடக்கப் போவதும் அதேதான். ஒரு மகள் எங்கும் போகாமல் நிற்பாள். நல்ல பேட்டை ஒன்று காலியானால் சில மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள். அதில் சந்தேகம் வேண்டாம். அதுவரைக்கும், அம்மா இரை தேடப் போயிருக்கும் நேரத்தில், முட்டை மேல் உட்கார்ந்திருப்பாள்.